லெபனானில் பயின்ற தோழர் நாபா

ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் தலைவர் கந்தசாமி பத்மநாபா 1951 நவம்பர் 19இல் காங்கேசன்துறையில் பிறந்தவர். தோழர்களுக்கு அவர் ‘நாபா’. எழுபதுகளில் மாணவர் அரசியலுக்கு வந்தவர், பின்னர் லண்டன் சென்று, இரத்தினசபாபதி முதலானோர் 1975இல் தொடங்கிய ஈரோஸ் அமைப்பில் சேர்ந்தார்.

பலஸ்தீனத் தொடர்பு அங்கிருந்துதான் கிடைத்தது. யாசர் அரபாத்தின் பத்தா இயக்கம் லெபனானில் நடத்திய முகாம்களில் ஈழத்து இளைஞர்கள் ஆயுதப் பயிற்சி பெற்றார்கள்; நாபாவும் பெற்றார். 1948இல் ஊரிழந்த பலஸ்தீனர்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அகதி முகாம்களிலேயே வளர்த்த மண் அது.

அதே 1948இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், மலையகத்தில் வலப்பனையிலும் இராகலையிலும் தேயிலைக் கொழுந்து பறித்து லயங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தது. அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. ஈரோஸ் இந்த மலையக மக்களையும் ஈழத்தவராகவே எண்ணியது. அந்தப் பாசறையிலிருந்து பிரிந்தே, எண்பதுகளின் தொடக்கத்தில் நாபாவும் தோழர்களும் தங்கள் முன்னணியை அமைத்தார்கள். 1985இல் இலங்கை அரசுடன் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தையில் தமிழ் அமைப்புகள் கூட்டாக வைத்த நான்கு கோரிக்கைகளில் ஒன்று, இலங்கையைத் தாயகமாகக் கொண்ட தமிழர் அனைவருக்கும் குடியுரிமை என்பது.

களத்தில் முன்னணிக்குப் பின்னடைவே அதிகம். 1985இல் காரைநகர் கடற்படை முகாம் மீதான தாக்குதல் தோற்றது. 1986 டிசம்பரில் விடுதலைப் புலிகள் முன்னணியையே தாக்கி முடக்கினார்கள். 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை ஏற்ற முன்னணி, அடுத்த ஆண்டு வடக்கு–கிழக்கு மாகாண சபையில் ஆட்சி அமைத்தது, வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். இக்காலத்தில் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற படைக்கென முன்னணியினர் வீதியிலும் வீட்டிலும் இளைஞர்களைக் கட்டாயமாகப் பிடித்துச் சென்றார்கள். மக்களுக்காகப் புறப்பட்ட இயக்கம் மக்களின் பிள்ளைகளுக்கே செய்த கொடுமை இது. அதன் பொறுப்பிலிருந்து தலைமை தப்ப முடியாது.

ஒப்பந்தத்தையொட்டி இலங்கைக்கு வந்திருந்த இந்தியப் படை 1990 மார்ச்சில் வெளியேறியது. ஜூன் 19 மாலை, சென்னை கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் முன்னணியினர் கூடியிருந்த அடுக்குமாடி வீட்டில் புலிகள் புகுந்து சுட்டார்கள். நாபாவுடன் நாடாளுமன்ற உறுப்பினர் யோகசங்கரி, மாகாண நிதியமைச்சர் கிருபாகரன் உட்படப் பலர் இறந்தார்கள். நாபாவுக்கு வயது 38. அந்நாளை முன்னணியினர் தியாகிகள் தினமாக நினைவுகூருகிறார்கள்.

மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை தந்த சட்டம், அவர் இறந்து 13 ஆண்டுகளுக்குப் பின், 2003இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.