ராட்டினத்தடியில் முதல் வேலை

செஞ்சி வட்டாரத்தில் ராட்டினம் என்றதும் நினைவுக்கு வருவது திருவிழா. ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசி மாதம் மகா சிவராத்திரியையொட்டி விழா தொடங்கும். மறுநாள் மயானக்கொள்ளை, ஏழாம் நாள் தேர். இப்படிக் கூட்டம் சேரும் இடங்களை நம்பித்தான் ராட்சத ராட்டினமும், கொலம்பஸ் கப்பலும், குழந்தைகளின் டிராகன் ரயிலும் லாரிகளில் ஊர் ஊராகப் போகின்றன. அவற்றோடு போகும் இளைஞர்கள் பலருக்கு அதுவே வாழ்க்கையின் முதல் வேலை.

இந்த வேலைக்கு இரண்டு வழிகளில் வருகிறார்கள். ஒன்று, திருவிழா வழி. உறவினரோ தெரிந்தவரோ சேர்த்துவிடுவார். வேலைக்கான உத்தரவுக் கடிதம் எதுவும் இருக்காது. இன்னொன்று, கேளிக்கைப் பூங்கா. 1984-இல் டெல்லியில் ‘அப்பு கர்’ திறக்கப்பட்ட பிறகு இந்தியாவில் இத்தகைய பூங்காக்கள் பெருகின. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைப் பக்கம் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் திருப்போரூர் அருகிலும் பெரிய பூங்காக்கள் உண்டு. அங்கே ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படித்தவர்களுக்கு மதிப்பு அதிகம்.

எந்த வழியில் வந்தாலும் முதல் நாளே யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை, தொடவிடவும் கூடாது. திருவிழாவில் புதிதாக வந்த பையன் முதலில் கட்டை சுமப்பான். ராட்டினத்தின் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, ரசமட்டம் வைத்துத் தளம் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெறும் கூலி வேலைபோலத் தோன்றும் இதுதான் தொழிலின் அரிச்சுவடி. மண் இளகிய வயலில் ஒரு கால் அரை அங்குலம் இறங்கினாலும் மேலே அச்சு சாய்ந்துவிடும் என்பதைக் கட்டை அடுக்கியவன் மறக்கமாட்டான். பூங்காவில் இதே பாடம் வேறு வடிவில் நடக்கிறது. ஒவ்வொரு ரைடுக்கும் தனிப் பயிற்சி தருகிறார்கள். ஒன்றில் தேறியவர் என்பதற்காக அடுத்ததை ஓட்ட முடியாது. காலையில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்து, சத்தத்தைக் கவனித்து, பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே வாசல் திறக்கும்.

ராட்சத ராட்டினத்தில் ஆள் ஏற்றுவது ஒரு தனிக் கலை. முதல் தொட்டியில் நான்கு பேரை உட்கார வைத்ததும் அடுத்த தொட்டியை நிரப்பிவிடக் கூடாது. சக்கரத்தை அரைச் சுற்றுச் சுற்றி எதிர்த் தொட்டியைக் கீழே கொண்டுவந்து அதில் ஏற்ற வேண்டும். காவடித் தண்டின் இரு முனையும் சமமாக இருப்பதைப் போலத்தான் இது. ஒரு பக்கமே நிரம்பினால் அந்தப் பாரம் சக்கரத்தைக் கீழே இழுக்கும். பிரேக் அதைத் தாங்கிப் பிடிக்கத் திணறும். இறக்கும்போதும் இதே வரிசைதான். கூட்டம் நெருக்கித் தள்ளும்போது இந்தக் கணக்கை விடாமல் பிடித்துக்கொள்வதில்தான் புதியவரின் தரம் தெரியும்.

அடுத்தது பெல்ட்டும் கம்பியும். கண்ணால் பார்த்தால் போதாது. ஒவ்வொரு இருக்கையிலும் கம்பியைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் ஹரியானாவின் பிஞ்சோரில் கோ-கார்ட் சக்கரத்தில் கூந்தல் சிக்கி ஒரு பெண் உயிரிழந்தார். “கூந்தலை முடிஞ்சுக்குங்கம்மா” என்று சொல்ல ஒரு நொடி போதும். எல்லாம் சரி என்று வாசலில் நிற்பவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால்தான் ஆபரேட்டர் ஓட்டுவார். பஸ்ஸில் கண்டக்டரின் விசில் எப்படியோ, அப்படி.

ஓடத் தொடங்கியதும் கண் ஆட்கள்மேலும் கை நிறுத்தும் பொத்தானருகிலும் இருக்க வேண்டும். செல்போனுக்கு அங்கே இடமே இல்லை. காளான் தலை போன்ற சிவப்புப் பொத்தானை எப்போது அழுத்துவது, அழுத்திய பின் ராட்டினம் எத்தனை சுற்றில் நிற்கும் என்பது தெரியாதவர் தனியாக ஓட்டக் கூடாது. மின்சாரம் போனால் எப்படி இறக்குவது என்பதையும் வெறும் தொட்டிகளோடு பழகியிருக்க வேண்டும். 2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரைடு உயரத்தில் நின்றுபோய், 30-க்கும் மேற்பட்டோர் அந்தரத்தில் தவித்தனர். தீயணைப்புத் துறையினர் வந்துதான் அவர்களை இறக்கினார்கள்.

ஆபத்து ஏறுபவர்களுக்கு மட்டுமல்ல. 2016 மே மாதம் சென்னை அருகே ஒரு பூங்காவில் புதிய ரைடைச் சோதித்துப் பார்த்தபோது ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். மற்றும் பலர் காயமடைந்தனர். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊஞ்சல்போல ஆடும் ரைடு முறிந்து விழுந்ததில் இருவர் இறந்தனர். ராட்டினம் போட அரசுத் துறைகளின் அனுமதியும் பொறியாளரின் சான்றும் தேவை என்பதெல்லாம் சரி. ஆனால் நேற்று இல்லாத ஒரு ‘கிறீச்’ சத்தம் இன்று கேட்கிறது என்பது முதலில் ஆபரேட்டரின் காதுக்குத்தான் எட்டும். அவர் “ஓட்டமாட்டேன்” என்றால், வசூல் போனாலும் உரிமையாளர் கேட்டாக வேண்டும். புதியவருக்கு முதல் வாரத்திலேயே இந்த உரிமையைச் சொல்லித் தராத இடம் வேலைக்குச் சேரத் தகுந்த இடமில்லை.

நாள் முழுக்க நிற்கும் வேலை இது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் பொழுதுபோக்கு இடங்களையும் நிறுவனம் என்றே கணக்கிடுகிறது. சுற்றுக்குச் சுற்று இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்தவரின் கவனம் மாலைவரை தாங்கும்.

பெரிய ரைடுகளின் வாசலில் 120 செ.மீ., 140 செ.மீ. என்று கோடு போட்டிருப்பார்கள். இருக்கையின் கம்பி, வளர்ந்தவர்களின் உடம்புக்காகச் செய்யப்பட்டது. சிறு பிள்ளை அதன் அடியில் வழுக்கிவிடலாம். அடுத்த திருவிழாவில் ராட்டினக்காரத் தம்பி உங்கள் பிள்ளையை அந்தக் கோட்டருகே நிறுத்திப் பார்த்து “வேணாம்ணா, உயரம் பத்தாது” என்று சொன்னால், தயவுசெய்து அவரிடம் வாதாடாதீர்கள்.