அசதி வேறு, சோம்பல் வேறு

2021-ஆம் ஆண்டு வைகாசியில் எங்கள் வீட்டில் இருவருக்கும் கொரோனாக் காய்ச்சல் கண்டது. பதினைந்து நாளில் எனக்குத் தெளிந்துவிட்டது. என் மனைவிக்குக் காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை. விடியுமுன் எழுந்து கோலமிட்டு, மணக்குள விநாயகரை வலம் வந்து, வேதபுரீஸ்வரர் கோயிலுக்கும் நடந்தே சென்று திரும்பியவள், ஆறு மாதம் கழித்தும் குளித்துவிட்டு வந்தால் அரைமணி நேரம் படுத்தால்தான் தலை வார முடியும் என்ற நிலையில் இருந்தாள். இரவு முழுதும் உறங்கினாலும் உறங்கியது போலவே இராது என்பாள்.

அடியேன் செய்த பிழையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "நடந்தால் சரியாகும்" என்று அவளைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துச் சென்று, காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடத்தினேன். அன்று நடந்துவிட்டாள். அடுத்த இரண்டு நாள் எழவில்லை. தற்செயல் என்று எண்ணி மறுவாரமும் நடத்தினேன். மூன்றாம் முறை ஒரு வாரம் படுக்கை. வெளியூர் மகளிடம் தொலைபேசியில், "அம்மாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது" என்றேன். அது அவள் காதில் விழுந்தது. "நானும் என்னையே அப்படித்தாங்க திட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள். அதன் பிறகுதான் மருத்துவரிடம் போனோம்.

அவர் எடுத்த எடுப்பில் நோயின் பெயர் எதையும் சொல்லவில்லை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது முக்கியம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், நம் புதுச்சேரியில் பெரியவர்களுள் 26.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. "வயசாச்சு, அசதி இருக்கத்தான் செய்யும்" என்று நாம் தள்ளிவிடுவதில் பல, சிகிச்சையால் தீரக்கூடியவை. சைவ உணவினருக்குப் பி12 சத்துக் குறைவு எளிதில் வரும். குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் உறக்கம், மனச்சோர்வு, நாம் விழுங்கும் சில மாத்திரைகள் ஆகியவையும் அசதி தரும். படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, உடல் மெலிகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது.

அவளுக்கு இவற்றில் எதுவுமில்லை. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் அசதி, தெளிவு தராத உறக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறு வேலை செய்தாலும் மறுநாள் பன்மடங்காகத் தாக்கும் சோர்வு: இவற்றைக் கொண்டே நாட்பட்ட களைப்பு நோய் என்றார். இதை உறுதி செய்யத் தனியான ரத்தப் பரிசோதனை கிடையாது. முற்றாகத் தீர்க்கும் மருந்தும் இதுவரை இல்லை.

பாவம், இந்த நோயாளிகள் பட்ட அவமதிப்பு கொஞ்சமன்று. 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்களே இருநூறு பேருக்கு மேல் இத்தகைய நோயில் விழுந்து, மருத்துவமனையையே மூட நேர்ந்தது. 1970-இல் இரு மனநல மருத்துவர்கள் அதை வெறும் ஹிஸ்டீரியா என்று எழுதிவிட்டார்கள். 2015-இல்தான் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, இது உடல் முழுவதையும் பற்றும் கடுமையான நோய், மனப் பிரமையன்று என்று உரைத்தது. நாளுக்கு நாள் நடையைக் கூட்டும் பயிற்சியை இந்நோயாளிகளுக்கு அளிக்கலாகாது என்று 2021-இல் இங்கிலாந்தின் நெறிமுறையும் சொல்லிவிட்டது. நான் கடற்கரையில் செய்தது அதைத்தான்.

வங்கியில் முப்பத்தைந்து ஆண்டு கழித்தவனுக்கு மருத்துவர் சொன்ன வழி உடனே புரிந்தது. கணக்கில் இருப்பது சிறு தொகை. இருப்புக்கு மேல் எடுத்தால் அபராத வட்டி கடுமை. ஆகவே, களைத்த பின் ஓய்வு என்றில்லாமல், களைக்குமுன்பே ஓய்வு. காய் நறுக்குவது உட்கார்ந்தபடி. குளியல் ஒரு வேளை, சமையல் ஒரு வேளை, இரண்டையும் சேர்ப்பதில்லை. உடம்பு நன்றாக இருக்கும் நாளில்தான் எச்சரிக்கை அதிகம் வேண்டும். அன்றுதான் ஆசை மிகுந்து வீட்டையெல்லாம் ஒழிக்கத் தோன்றும். எதை எத்தனை நேரம் செய்தாள், மறுநாள் எப்படி இருந்தாள் என்று நான் பழைய டைரியில் குறித்து வந்தேன். மூன்று மாதத்தில் அவளது அளவு தெரிந்துவிட்டது.

அவளை அதிகம் வாட்டியது சமையலன்று, பிரதட்சிணம். "சுத்தி வராம எப்படிங்க கும்பிடறது?" என்பாள். நின்றவூர்ப் பூசலாரை நினைவூட்டினேன். பொருளில்லாத அவர் மனத்துக்குள்ளேயே கட்டிய ஆலயத்துக்கு எழுந்தருள்வதற்காக, காடவர்கோன் கல்லால் எடுத்த காஞ்சிக் கோயிலின் நாளை இறைவன் தள்ளிவைக்கச் சொன்னான் அல்லவா? பொருளில்லாதவருக்கு இரங்கியவன் உடலில் வலுவில்லாதவளைக் கணக்குக் கேட்பானா? ஏகாதசிப் பட்டினியையும் விட்டுவிடச் சொன்னேன். அதற்கு மட்டும் அவள் இணங்க ஓராண்டாயிற்று.

இவ்வாண்டு மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போக வேண்டும் என்றாள். முந்தைய இரு நாளும் பூரண ஓய்வு. கூட்டம் சேருமுன் ஆட்டோவில் போய், நிழலில் மடக்கு நாற்காலியைப் போட்டு அமர்த்தினேன். மயிலம் முருகன் கடலாட எழுந்தருளியபோது எழ முயன்றவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன், உட்கார்ந்தபடியே கைகூப்பினாள். ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பினோம்.

மறுநாள் அவள் பகல் வரை படுத்திருந்தாள். அதற்கு மேல் இல்லை. வாசல் கோலம் நான் போட்டேன். புள்ளிகள் கோணல்தான்.