42 ரூபாயா, 291 ரூபாயா?

திண்டுக்கல் மாவட்டம் சேவுகம்பட்டிப் பக்கத்தில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கூலி உண்டு. அந்த வேலைக்குப் பென்ஷன் கிடையாது. உடம்பு தளர்ந்த பிறகு என்ன செய்வது?

இத்தகையவர்களுக்காகவே 2015-ம் ஆண்டில் 'அடல் பென்ஷன்' திட்டம் வந்தது. 18 வயது முதல் 40 வயது வரை பாங்கியிலோ, தபால் ஆபீசிலோ சேரலாம். வருமான வரி கட்டுகிறவர்கள் சேர முடியாது.

60 வயதுக்குப் பிறகு மாதம் ரூ.1,000 கிடைக்க வேண்டுமா? 18 வயது மகள் மாதம் ரூ.42 கட்டினால் போதும். 40 வயதுத் தாயார் சேர்ந்தால் ரூ.291 கட்ட வேண்டும். ஏறக்குறைய ஏழு மடங்கு!

சேர்ந்தவர் இறந்தால் கணவருக்கு அல்லது மனைவிக்கு அதே பென்ஷன் உண்டு.

42 வருடம் கழித்து ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி வரும் என்பது வேறு விஷயம்! கையில் வசதி இருந்தால், மகள் ரூ.210 கட்டி ரூ.5,000 பென்ஷனுக்குச் சேரலாம்.