காலியான கட்டடம் தின்ற மின்சாரம்

நாகபுரியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குச் சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெப்பம் 45 டிகிரியைத் தொடும் நாட்களில் கூலரின் முன்னே பாயை விரித்துப் படுப்பதுதான் இங்கே பரம சுகம். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள், "இந்தத் தகரப் பெட்டிக்கு இவ்வளவு குளிர்ச்சியா!" என்று வியப்பார்கள். காற்று வறண்டிருக்கும் ஊரில்தான் அந்த வித்தை பலிக்கும். கடற்கரைப் புழுக்கத்தில் பலிக்காது. கூலர் ஏறக்குறைய 200 வாட்டில் ஓடும். ஒன்றரை டன் ஏ.சி.யோ சுமார் 1,500 வாட் கேட்கும். ஆகவே மின்சாரச் சிக்கனத்தைப் பற்றி இவ்வூர் இல்லத்தரசிகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். நாம் எழுதப் புகுவது, பகலெல்லாம் நாம் உட்கார்ந்திருக்கும் காரியாலயக் கட்டடத்தைப் பற்றி.

நாம் ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. பணிபுரியும் கட்டடத்தின் பெயரை இங்கே குறிப்பது முறையன்று. பழைய கட்டடம், உயர்ந்த கூரை, நீண்ட தாழ்வாரம் என்ற மட்டில் போதும். 2022-ஆம் ஆண்டில், மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு நியாயமானதே. அதை நிறைவேற்றிய விதந்தான் விசித்திரம். மறுநாளே ஏணியுடன் ஆட்கள் வந்து, குமாஸ்தாக்கள் அமரும் கூடத்தில் ஒன்று விட்டு ஒன்றாக 20 குழல் விளக்குகளைக் கழற்றிச் சென்றார்கள். சுவரெங்கும் சிக்கன வாசகங்கள் ஒட்டப்பட்டன. அவற்றை வாசிக்கத்தான் வெளிச்சம் போதவில்லை.

கூடத்தின் மூலையில் நம் மூத்த சகா ஒருவர் இருந்தார். மராத்தியர். எல்லாரும் அவரைக் 'காகா' என்று அழைப்போம். அவர்கள் மொழியில் சிற்றப்பா என்று பொருள். தமிழில் அதற்கு வேறு பொருள் உண்டென்று அவருக்கும் தெரியும், கேட்டுச் சிரித்துக்கொள்வார். ஓய்வு பெற இரண்டாண்டே இருந்த அவருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. அவர் தலைக்கு மேலிருந்த விளக்கும் கழற்றப்பட்டவற்றுள் ஒன்று. ஒரு மாதம் கைவிளக்கை வைத்துக்கொண்டு பதிவேடுகளைச் சரிபார்த்தார். விடுப்புக் கணக்கில் ஒருவருக்கு 3 என்றிருந்ததை 8 என்று எழுதிவிட்டார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. முப்பத்தைந்து ஆண்டுச் சேவையில் முதல் மெமோ. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் நம் கண்முன் நிற்கிறது.

அந்த மாத மின்கட்டணமோ குறைந்ததாகவே தெரியவில்லை.

மின்பிரிவில் ஜோலார்பேட்டைக்காரர் ஒருவர் பணியாற்றுகிறார். நம்மைவிட மூத்தவர். அவரிடம் சென்று, "அண்ணே, இத்தனை விளக்கைக் கழற்றியும் ஏன் குறையவில்லை?" என்று கேட்டோம். "விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிகிறது, தம்பி. அதனால் கழற்றுகிறார்கள். தெரியாமல் ஓடுவதை யார் பார்த்தார்கள்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாருங்கள், மீட்டரைப் பார்ப்போம்" என்றார்.

வெள்ளி மாலை 6 மணிக்கு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டோம். திங்கள் காலை 8 மணிக்கு மறுபடியும் குறித்தோம். இடையில் 62 மணி நேரம்; கட்டடத்தில் காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. ஆயினும் ஒரு முழு வேலை நாளில் செலவாகும் மின்சாரத்தைவிட அதிகமாகவே அந்தக் காலிக் கட்டடம் தின்றிருந்தது! குமாஸ்தா என்ற முறையில் எத்தனையோ எண்களைக் கூட்டியிருக்கிறோம். எந்த எண்ணும் நம்மை இப்படித் திடுக்கிட வைத்ததில்லை.

அடுத்த வாரம் அவர் டாங் டெஸ்டரை எடுத்துவந்தார். மின்கம்பியை அறுக்காமலே அதன்மேல் கவ்வி, எவ்வளவு மின்னோட்டம் என்று காட்டும் கருவி அது. ஒவ்வொரு மாடியின் சுவிட்சுப் பலகையிலும் வைத்துப் பார்த்தோம். மூன்று குடிநீர்க் குளிர்விப்பான்கள் ஆளில்லா நாட்களிலும் தண்ணீரைக் குளிரவைத்துக் கொண்டிருந்தன. மொட்டைமாடித் தொட்டி வழிய வழியப் பம்பு ஓடியது. அதன் மிதவை எப்போதோ உடைந்துவிட்டதாம். பெரிய குற்றவாளி ஆலோசனைக் கூடத்தில் இருந்தது. இரண்டு டன் ஏ.சி. இரண்டு, 18 டிகிரியில், வெற்று நாற்காலிகளுக்குக் குளிர் வீசிக்கொண்டிருந்தன.

அங்கேயே தாளில் கணக்கிட்டோம். ஒரு குழல் விளக்கு சோக்குடன் சேர்ந்து ஏறக்குறைய 50 வாட். இருபதும் நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரிந்தால் 8 யூனிட். இரண்டு ஏ.சி.யும் சேர்ந்து ஏறக்குறைய 4,000 வாட். கம்ப்ரஸர் பாதி நேரமே ஓடியதென்று தயவாக வைத்துக்கொண்டாலும், 62 மணி நேரத்துக்கு 124 யூனிட். அதாவது கூடத்தை இருட்டாக்கி மூன்று வாரம் மிச்சப்படுத்தியதை ஒரு வார விடுமுறை விழுங்கிவிட்டது.

ஏன் யாரும் அணைக்கவில்லை? ரிமோட் ஓர் அதிகாரியின் மேஜை அறையில் பூட்டியிருந்தது. பியூன் பயந்துகொண்டு சுவிட்சைத் தொடுவதில்லை. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இது நம் கட்டடத்துக்கு மட்டும் உரிய நோயன்று. மின்சாரச் சேமிப்புக்கென நம் நாட்டில் 2001-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2002-இல் எரிசக்தித் திறன் வாரியம் அமைந்தது. அவ்வாரியம் 2009-இல் காரியாலயக் கட்டடங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. ஆண்டு முழுதும் செலவான யூனிட்டுகளைக் கட்டடத்தின் சதுர மீட்டர்ப் பரப்பால் வகுப்பதே அதன் அளவுகோல். கோடையில் வறட்சியும் மழைக்காலத்தில் புழுக்கமும் மார்கழியில் குளிரும் உள்ள ஊர்களில், பாதிக்கு மேல் ஏ.சி. செய்த கட்டடமாயின் 90-க்குக் கீழே இருந்தால் ஐந்து நட்சத்திரம் என்று தொடக்கத்தில் வகுத்திருந்தார்கள். 190-ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை என்றிருந்தது. ஏ.சி. குறைவான கட்டடத்துக்கு எல்லை இன்னும் கடுமையாக இருந்தது: 40-க்குக் கீழே ஐந்து, 80-க்கு மேல் ஒன்றுமில்லை. நம் கட்டடத்துக்கும் வகுத்துப் பார்த்தோம். விடையை இங்கே வெளியிடாமல் இருப்பதே நன்று.

இன்னொன்றும் அன்பர்கள் அறிய வேண்டும். வீட்டுக்கு யூனிட் கணக்கே பெரிது. பெரிய கட்டடங்களுக்கோ இரண்டு கணக்கு. மொத்த யூனிட் ஒன்று. மாதத்தில் ஏதேனும் ஒரு கால் மணி அல்லது அரை மணி நேரத்தில் மிக அதிகமாக இழுத்த அளவு மற்றொன்று. அதற்கும் தனியே கட்டணம் உண்டு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அத்தனை ஏ.சி.யையும் ஒருசேரப் போட்டால், அந்த அரை மணியின் பாரம் மாதக் கட்டணத்தின் தலையில் ஏறும். கால் மணிக்கொரு மாடியாகப் போட்டால் ஓரளவு தப்பலாம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஜோலார்பேட்டை அண்ணன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மீட்டர் அருகே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். காலை, மாலை இருவேளையும் எண்ணை எழுதிக் கையொப்பமிடுவது நம் பொறுப்பாயிற்று. ஆறு வாரக் கணக்கை அழகாக நகலெடுத்து அதிகாரியிடம் வைத்தோம். அவர் கோபிப்பார் என்று அஞ்சினோம். அவரோ மேஜை அறையைத் திறந்து ரிமோட்டை எடுத்துக் கொடுத்தார். ஏ.சி. 24 டிகிரிக்கு வைக்கப்பட்டது. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைப்பதிலும் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு மிச்சம் என்பது வாரியத்தின் கணக்கு; 2020 முதல் நட்சத்திர முத்திரையுள்ள அறை ஏ.சி.கள் 24-இல் தொடங்குமாறே தயாராகின்றன. தொட்டிக்குப் புது மிதவை வந்தது. கழற்றிய இடங்களிலும் கழற்றாத இடங்களிலும் 20 வாட் எல்.இ.டி. குழல்கள் மாட்டப்பட்டன. முன்பு ஒரு விளக்கு தின்றதில் இப்போது இரண்டு எரிகின்றன. கூடம் கல்யாண வீடு போலாயிற்று.

காகா 2024-இல் ஓய்வு பெற்றார். புரையை அறுவை செய்துகொண்டு இப்போது பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த மெமோவை நீக்கும்படி நாம் இருமுறை மனு எழுதினோம். பிழை பிழைதான், வெளிச்சம் போதவில்லை என்று அப்போதே எழுதித் தந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. இன்றும் அது அவருடைய கோப்பில்தான் இருக்கிறது. மூன்றாவது மனுவுடன் மீட்டர் நோட்டின் நகலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம்.