பில் கையில் இருக்கிறதா?

திருவண்ணாமலையில் கல்யாண ஜவுளி என்றால் ஒரு காலத்தில் தேரடி வீதியும் அதைச் சுற்றிய கடைகளும்தான். செங்கம், தண்டராம்பட்டு, கலசப்பாக்கம், கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து குடும்பமாக பஸ் ஏறி வருவார்கள். விரித்த பாயில் உட்கார்ந்து, முதலாளியிடமே பேரம் பேசி எடுப்பார்கள். சேலையில் இழை விட்டிருந்தால் அடுத்த வாரம் அதே கடைக்குப் போய், "என்ன அண்ணே, உங்களை நம்பித்தானே எடுத்தோம்" என்று கேட்பார்கள். அடுத்த கல்யாணத்துக்கும் இந்தக் குடும்பம் தன்னிடம்தான் வர வேண்டும் என்ற கணக்கில் அவரும் மாற்றிக் கொடுப்பார்.

இப்போது பல தளங்கள், ஏ.சி., ட்ராலி, எல்லாப் பொருளிலும் அச்சடித்த விலை. துணி, பாத்திரம், மளிகை, பொம்மை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. பேரம் இல்லை. மொத்தமாகக் கொள்முதல் செய்வதால் பல பொருட்கள் உண்மையிலேயே மலிவாகவும் இருக்கின்றன. அப்படி மிச்சமாகும் பணம் சின்ன வருமானக் குடும்பத்துக்குப் பெரிய உதவி, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கோளாறு என்று திரும்பிப் போனால் யாரிடம் பேசுவது? கவுன்டரில் நிற்கும் பிள்ளைக்கு அதிகாரம் இல்லை. மேலாளரைக் கேட்டால் "கம்பெனி பாலிசி" என்கிறார். கம்பெனி எங்கோ மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கிறது. முதலாளியின் முகதாட்சண்யம் இருந்த இடத்தில் இன்று நமக்கு இருப்பது சட்டம் ஒன்றுதான். அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முதலில் கையில் இருக்க வேண்டியது பில்.

வாடிக்கையாளர்களின் எதிர்பார்ப்பும் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் வால்மார்ட், கேமார்ட், டார்கெட் மூன்றும் தள்ளுபடிக் கடைகளாகத் தொடங்கியது ஒரே ஆண்டில், 1962-ல். விலை குறைவு என்ற ஒன்றே அன்று கூட்டத்தை இழுக்கப் போதுமாக இருந்தது. சென்னை ரங்கநாதன் தெரு அதே வழியில் வளர்ந்தது. 2001-ல் பிக் பஜார் தொடங்கியபோது இந்திய நகரங்களும் அந்தப் பழக்கத்துக்கு வந்தன. இன்று வாங்குபவர் கையில் போன் இருக்கிறது. கடையில் நின்றபடியே ஆன்லைன் விலையைப் பார்க்கிறார். ஆன்லைனில் வாங்கிய செருப்பு பிடிக்காவிட்டால் வாசலிலிருந்தே திருப்பி எடுத்துப் போகிறார்கள், பெரிய கடை ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் இதில் சட்டம் தருவது எது, கடையின் நல்லெண்ணம் தருவது எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் கவுன்டரில் சண்டை போட்டுத் தோற்றுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் தள்ளுபடி. தீபாவளி நெருங்கினால் ஊரெங்கும் ஃப்ளெக்ஸ் போர்டுகள். "50% தள்ளுபடி" என்று ஆள் உயர எழுத்து, பக்கத்தில் "வரை" என்று எறும்பு அளவு எழுத்து, மூலையில் ஒரு நட்சத்திரக் குறி, அதற்கு ஆங்கிலத்தில் ஒரு வரி நிபந்தனை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகள் இதைப் பற்றித் தெளிவாகவே சொல்கின்றன: விளம்பரத்தில் உள்ள வாக்குறுதி எந்த மொழியிலோ நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும், எழுத்துருவும் அதுவாகவே இருக்க வேண்டும். தமிழில் ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது விதிமீறல். "இலவசம்" என்று சொல்லிவிட்டு அதற்கு மறைமுகமாகக் காசு வாங்குவதும் அப்படியே.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது) இன்னும் ஒரு படி மேலே போகிறது. வழக்கமாக விற்கும் விலையைவிடக் குறைவு என்று வாங்குபவர் நம்பும்படி காட்டி, உண்மையில் அந்த விலைக்கு விற்கும் எண்ணமே இல்லாமல் விளம்பரம் செய்வது நேர்மையற்ற வணிக நடைமுறை. வாசலில் குவித்த பத்துச் சட்டைகளுக்கு மட்டும் பாதி விலை போட்டு ஊரையே அழைப்பதும் இதில் அடங்கும். நியாயமான அளவு சரக்கு, நியாயமான காலம் வரை அந்த விலையில் இருக்க வேண்டும். பண்டிகைக் குலுக்கல் பரிசுகளும் இதே சட்டத்தின் கண்ணில் படுகின்றன. கூப்பனை நிரப்பிப் பெட்டியில் போட்டவர்களிடமிருந்து குலுக்கல் முடிவை மறைப்பது தவறு. பரிசு யாருக்கு விழுந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தள்ளுபடியில் மிக அதிகமாக ஏமாறும் இடம் வரி. அட்டையில் 1,000 ரூபாய் எம்.ஆர்.பி., 40 சதவீதத் தள்ளுபடி, 600 என்று மனக்கணக்குப் போட்டு எடுத்து வருகிறோம். பில்லில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 630 இருக்கும். கவுன்டரில் "தள்ளுபடி விலைக்கு மேல் வரி" என்பார்கள். எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் உட்பட்ட விலை. உட்லேண்ட் நிறுவனத்தின் "40% தள்ளுபடி" விற்பனையில் குறைத்த விலையின் மேல் வாட் வரி தனியாக வசூலித்த வழக்கில், அது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி நாமும் கேட்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கும் இப்போது 5 சதவீதம்தான். இந்தக் குறைப்பு விலையில் வந்து சேரவில்லை என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

மளிகைப் பகுதியில் பாக்கெட்டை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது பாக்கெட் போட்டவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி., புகார் தொடர்பு விவரம் இவை இருந்தாக வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள். கடை தன் பெயரிலேயே போடும் துவரம் பருப்புக்கும் இது பொருந்தும். ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும். பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற நம்பிக்கை பல நேரங்களில் பொய்யாவது அந்த ஒரு வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விலையைக் கூட்டி ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. குறைத்து ஒட்டலாம், அப்போதும் பழைய எம்.ஆர்.பி. மறையாமல் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் எடை, அளவு, எம்.ஆர்.பி. புகார்களைக் கவனிப்பது தொழிலாளர் துறை. தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் தரலாம். உணவுப் பொருளில் கோளாறு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் அனுப்பலாம்.

அடுத்தது, எல்லா வீட்டிலும் பேச்சாகும் விஷயம்: மாற்றித் தருவது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வாசகத்தைப் பில்லின் அடியில் பார்த்ததுமே பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தளர வேண்டாம். பொருளில் குறைபாடு இருந்தால் அதைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தராமலிருப்பதும் 2019 சட்டப்படி நேர்மையற்ற நடைமுறை. கடை அச்சடித்த வாசகம் இந்தச் சட்டத்துக்கு மேலானது அல்ல. பணத்துக்குப் பதில் கிரெடிட் நோட்டைக் கையில் திணித்து, ஆறு மாதத்துக்குள் இங்கேயே வாங்குங்கள் என்றால் ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜவ்வாது மலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பிள்ளைக்கு ஸ்கூல் பேக் வாங்கியவர், கிரெடிட் நோட்டுக்காக இன்னொரு முறை பஸ் செலவு செய்து வர வேண்டுமா?

ஆனால் நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்பதெல்லாம் குறைபாடு ஆகாது. அங்கே கடை மாற்றித் தருவது அதன் சொந்த விதிப்படி. அதனால் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: எத்தனை நாளில் மாற்றலாம், டேக் அறுக்காமல் இருக்க வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை வாரமும் மாற்றுவார்களா, ஆஃபரில் எடுத்ததற்கும் உண்டா? வாய்ச்சொல்லாக அல்லாமல் பில்லில் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஊரில் உள்ள ஜவுளிக் கடைக்காரர் அளவு சரியில்லாத ஜாக்கெட் துணியைத் தாட்சண்யத்துக்கு மாற்றித் தந்தாரே, அதைப் பெரிய கடையில் உரிமையாக எண்ணிவிடக் கூடாது.

பில் போடும் நேரத்தில் "பை வேணுமா?" என்று ஒரு கேள்வி வரும். நம் ஊர் ஜவுளிக் கடைகள் கடைப் பெயர் போட்ட கட்டைப்பையைச் சும்மா கொடுத்தே பழக்கியவை. பெரிய கடையில் அதே பைக்குக் காசு, அதிலும் கடையின் விளம்பரம். இந்தப் பிரச்சினை தேசிய ஆணையம் வரை போனது. பிக் பஜாருக்கு எதிரான வழக்கில் 2020 டிசம்பரில் வந்த தீர்ப்பு, பைக்குக் காசு என்பதை முன்கூட்டித் தெரிவிக்காமல், பொருளெல்லாம் எடுத்து முடித்துப் பணம் கட்டும் இடத்தில் சொல்வதைக் கண்டித்தது. எல்லாப் பைக்கும் காசு வாங்கவே கூடாது என்று அந்தத் தீர்ப்பைச் சுருக்கிச் சொல்வது சரியல்ல. நுழைவாயிலிலேயே விலையுடன் அறிவித்திருந்தால் கடையின் வாதம் வலுப்பெறும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் தொடங்கியது. வீட்டிலிருந்து பை எடுத்துப் போவது நல்லதுதான். அந்தப் பையை உள்ளே விடாமல் டோக்கன் கவுன்டரில் வாங்கி வைத்துவிட்டு, வெளியே வரும்போது புதுப் பை விற்பதை மட்டும் ஏற்க வேண்டாம்.

அடுத்து "போன் நம்பர் சொல்லுங்க சார்". நம்பர் இல்லாமல் சிஸ்டம் பில் போடாது என்பார்கள். வாடிக்கையாளரின் போன் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நம்பித் தந்த தனிப்பட்ட விவரத்தை அனுமதியின்றி மூன்றாமவருக்குத் தருவதும் நேர்மையற்ற நடைமுறைதான். எண் சொல்ல விருப்பமில்லை என்று சொல்லுங்கள், பில் தராமல் இருக்க முடியாது. பில் கொடுக்காமலிருப்பதே தனியாக ஒரு மீறல். சின்னக் கடைகளில் இன்னும் நீட்டப்படும் "எஸ்டிமேட்" துண்டுச் சீட்டை வைத்து எதையும் நிரூபிப்பது கடினம்.

பாதுகாப்பைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். 2008-ல் ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் தீ விபத்தில் ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2017 மே 31-ல் தி.நகர் சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிந்தபோது கடை திறக்காத அதிகாலை என்பதால்தான் பெரும் உயிரிழப்பு தவிர்ந்தது. தீபக் கூட்டமும் பௌர்ணமிக் கூட்டமும் நிறையும் நம் ஊரில் பல மாடிக் கடைக்குக் குழந்தைகளுடன் போகிறோம். அவசர வழியில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தால் மேலாளரிடம் சொல்லுங்கள், படம் எடுங்கள், தீயணைப்புத் துறைக்குத் தெரிவியுங்கள். உடை மாற்றும் அறையில் கேமரா என்று சந்தேகம் வந்தால் உடனே 112-ஐ அழையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஸ்டூல் இல்லாத கடையில் "ஏன் இல்லை?" என்று வாடிக்கையாளரும் கேட்கலாம். மலிவு விலையின் சுமையை அவர்கள் கால்கள் தாங்க வேண்டியதில்லை.

சரி, உரிமை மறுக்கப்பட்டால்? அன்றே பில்லைப் போனில் படம் எடுங்கள், அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். பொருள், அட்டை, விளம்பரப் போர்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். கடைக்கும் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். வழக்கு இல்லாமலே பல புகார்கள் அங்கே தீர்ந்துவிடுகின்றன. கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும் மனு தரலாம்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கேதான் வழக்கு. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் கொடுக்கலாம். பொருளை மாற்ற, பணத்தைத் திருப்பித் தர, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு தர ஆணையம் உத்தரவிட முடியும். போர்டில் இருக்கும் கடைப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நிறுவனப் பெயரையும் எழுதுங்கள்.

கிரிவலத்துக்கு வந்து, திரும்பும் வழியில் இங்கே துணியோ பாத்திரமோ வாங்கிப் போகும் வெளியூர்க்காரர்கள் வழக்குக்காகத் திருவண்ணாமலைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 சட்டம், வாங்கியவர் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள ஆணையத்திலேயே புகார் தர வழி செய்திருக்கிறது. சேலத்துக்காரர் சேலத்தில் கொடுக்கலாம், பெங்களூருக்காரர் பெங்களூரில் கொடுக்கலாம். அதேபோல, மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போய் தி.நகரில் மிக்ஸி வாங்கி வந்த போளூர்க்காரரும் திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்திலேயே மனுவைக் கொடுக்கலாம்.