பூட்டிய வீட்டுக் குழாய்நீர்

கோடை விடுமுறையில் தஞ்சைக்கோ நெல்லைக்கோ சென்ற நம்மவர், ஒரு மாதம் கழித்துத் துவாரகா திரும்புகின்றனர். கண்ணனின் துவாரகை அன்று. டில்லியின் தென்மேற்கே அடுக்குமாடிகள் நிறைந்த துவாரகா. இரயில் புழுதியோடு பூட்டைத் திறந்ததும் யாவரும் நாடுவது குளியலறையைத்தான். ஷவரில் முதலில் பொழிவது, புறப்பட்ட நாள்முதல் குழாய்க்குள்ளேயே கிடந்த நீர்.

அதனால் என்ன என்று கேட்கலாம். 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஓட்டலொன்றில் ‘அமெரிக்கன் லீஜியன்’ என்னும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடைபெற்றது. அதற்கு வந்தவர்களிடையே கடுமையான நிமோனியா கண்டது. நோயுற்றோர் 182 பேர். மாண்டோர் 29 பேர். காரணம் புரியாது மருத்துவ உலகம் மாதக்கணக்கில் திகைத்தது. 1977 ஜனவரியில் ஜோசப் மக்டேட் என்னும் ஆராய்ச்சியாளர் அதன் கிருமியைக் கண்டறிந்தார். சங்கத்தின் பெயரால் அது ‘லீஜியனர் நோய்’ எனப் பெயர் பெற்றது.

இக்கிருமி ஆறு குளங்களில் சிறு அளவில் இயல்பாகவே உண்டு. 20 முதல் 45 டிகிரி சென்டிகிரேட் வெப்பமுள்ள தேங்கிய நீரில், குழாயின் உட்புறத்து வழவழப்பில், அது பல்கிப் பெருகுகிறது. நம் குடியிருப்புகளிலோ, நீர் நிலத்தடித் தொட்டியிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் தங்கியே வருகிறது. ஜூன் மாத நண்பகலில் குழாய் திறந்து கை நனைத்தவர்களுக்கு அதன் வெப்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வெப்பத்தில் குளோரினும் விரைவில் குன்றிவிடும்.

நீரின் நுண்துளியை மூச்சோடு இழுப்பதால்தான் பெரும்பாலும் இந்நோய் வருகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது பொதுவாக இல்லை. ஐம்பது வயது கடந்தோர், புகைபிடிப்போர், நுரையீரல் நோயுடையோர் ஆகியோரையே மிகுதியும் பற்றும். ஊரிலிருந்து நாம் அழைத்து வரும் முதிய பெற்றோரை எண்ணிப் பாருங்கள். வீட்டு ஏ.சி.மீது பழி சுமத்துவோரும் உளர். அது நீரால் குளிர்விப்பதன்று. பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்களே கண்காணிக்கத்தக்கவை.

திரும்பிய அன்று சன்னல்களைத் திறந்துவிட்டு, ஷவர் தலையைக் கழற்றி, குழாய்களை மெல்லத் திறந்து, நீர் தெறிக்காதவாறு சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். தண்ணீருக்குத் தவிக்கும் டில்லியில் இதற்கு மனம் ஒப்பாதுதான்; வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாமே! ஷவர் தலையின் உப்புப் படிவை நீக்குங்கள். கீசர் நீர் 60 டிகிரிக்குச் சூடாகட்டும். ஆனால் விளாவாமல் உடலில் ஊற்றலாகாது. கூலரின் பழைய நீரை வடித்துவிட்டால் டெங்குக் கொசுவும் ஒழியும்.

நோய் பெரும்பாலும் 2 முதல் 10 நாட்களுக்குள் வெளிப்படும். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், சிலருக்கு வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் தோன்றும். பென்சிலின் இதற்குப் பயன்படாது. அஸித்ரோமைசின் போன்ற வேறு மருந்துகள் வேண்டும். ஆகவே, பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் திரும்பியதையோ ஓட்டலில் தங்கியதையோ மருத்துவர் கேளாமலே சொல்லிவிடுங்கள். இதனைக் கண்டறியச் சிறுநீர்ச் சோதனை ஒன்று உண்டு.