யாருக்கும் தெரியாத கடனுக்குத்தான் வட்டி அதிகம்



இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, வரி சேமிப்பும் இல்லை. 1-ஆம் தேதி வந்த சம்பளம் 5-ஆம் தேதிக்குள்ள எங்க போச்சுன்னு வீட்ல சொல்ல முடியாம இருக்கிறவங்களுக்காக இந்தப் பதிவு.

ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்ற இளைஞர்கள்ல சிலர், வேலை எல்லாம் முடிஞ்சு கிளம்புற நேரத்துல "சார், இன்னொரு விஷயம்..."னு இழுப்பாங்க. அந்த இன்னொரு விஷயம் பெரும்பாலும் ஒரு கடன். ரெண்டு மூணு வருஷமா யார்கிட்டயும் சொல்லாத கடன். அவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது "எப்படி அடைக்கிறது?" இல்லை. "வீட்ல தெரியாம அடைக்க வழி இருக்கா சார்?"

சிக்கலே அந்தத் "தெரியாம"ல தான் இருக்கு. ஏன்னு கணக்குப் போட்டே காட்டுறேன்.

ரகசியத்துக்கு மாச வாடகை எவ்வளவு?

பல பேர் சொன்னதைச் சேர்த்து ஒரே ஆளா வெச்சுக்கலாம். வயசு 27. கைக்கு வர்ற சம்பளம் 45,000. ரெண்டு கிரெடிட் கார்டுல சேர்த்து பாக்கி 2 லட்சம். ஒரு லோன் ஆப்ல 30,000. ஆரம்பம், ஆப்ஷன்ஸ் டிரேடிங்ல விட்ட காசு. நண்பர்களோட சாப்பிடப் போனா பில்லுக்கு முதல் ஆளா கார்டை நீட்டுவார். மத்தவங்க யுபிஐ-ல அனுப்புற பங்குக் காசு அந்த வாரச் செலவுக்கு ஓடும், அதுக்காக. கூட இருக்கிறவங்க "இவன் நல்லா செட்டில் ஆயிட்டான்"னு நினைக்கிறாங்க.

இப்போ கார்டு பாக்கி 2 லட்சத்தைப் பாருங்க. மாச வட்டி 3.5%னு வெச்சா 7,000. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 1,260. ஆக மாசம் 8,260. மினிமம் டியூ 5%னு 10,000 கட்டினா, அசல்ல குறையுறது வெறும் 1,740. பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. தேய்ச்ச நாள்ல இருந்தே வட்டி ஓடும்.

புதுசா எதுவுமே வாங்காம, மாசம் சரியா 10,000 கட்டிட்டே வந்தாலும் இந்த 2 லட்சம் முடிய 44 மாசம் ஆகும். இதையே வீட்டு நகையை வெச்சு வருஷம் 10% வட்டியில கடன் வாங்கி, அதே 10,000-ஐ மாசத் தவணையாக் கட்டினா 22 மாசத்துல முடிஞ்சிடும்.

ஆள் அதே ஆள், சம்பளமும் அதே சம்பளம். ஆனா 22 மாசம் கூடுதலாக் கட்டுறார். கிட்டத்தட்ட 2 லட்சத்துக்கும் மேல. அது அவர் வாங்கின கடனுக்கான விலை இல்லை. அம்மாகிட்ட சொல்லாம இருக்கிறதுக்கான விலை.

ஒரு விஷயம் கவனிச்சுப் பாருங்க. நகைக்கடன், அப்பாவோட எஃப்டி மேல கடன், எல்ஐசி பாலிசி மேல கடன், ஆபீஸ்ல சம்பள அட்வான்ஸ், நண்பர் கொடுக்கிற கைமாத்து... மலிவாக் கிடைக்கிற பணம் பெரும்பாலும் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சாத்தான் கிடைக்கும். யாருக்கும் தெரியாம, ராத்திரி 11 மணிக்குப் படுக்கையில இருந்தபடியே கிடைக்கிற பணம்தான் விலை அதிகம். உங்க வெட்கம் மலிவான கதவை எல்லாம் சாத்திட்டு, விலை அதிகமான கதவை மட்டும் திறந்து வைக்குது.

"என்னை மாதிரி முட்டாள் யாரும் இல்லை"ங்கிற நினைப்பு

வெட்கத்துக்கு அஸ்திவாரமே இந்த நினைப்புதான். மத்தவங்க எல்லாம் எஸ்ஐபி போட்டு முன்னேறுறாங்க, நாம மட்டும் விட்டுட்டோம்னு தோணும்.

செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ-வில் வர்த்தகம் செஞ்ச தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். செலவுகளையும் சேர்த்து, நஷ்டப்பட்ட ஒருத்தருக்குச் சராசரியா சுமார் 2 லட்சம் ரூபாய் போயிருக்கு. ஆய்வுல வந்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல. அதாவது உங்க ஆபீஸ் கேண்டீன்ல உங்க எதிர்ல உக்காந்து "நேத்து நல்ல பிராஃபிட்"னு சொல்றவரும் அந்த 93%-ல இருக்க வாய்ப்பு அதிகம். லாபத்தை எல்லாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவாங்க. நஷ்டத்துக்கு யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறதில்லை.

இந்த வெட்கம் வரியிலயும் இடிக்குது. அப்பாவுக்குப் பார்க்கிற ஆடிட்டர்தான் நமக்கும் பார்க்கிறார், சொன்னா வீட்டுக்குப் போயிடும்னு எஃப் அண்ட் ஓ நஷ்டத்தைக் காட்டாமலே விடுறவங்க இருக்காங்க. இது ரெட்டை நஷ்டம். எஃப் அண்ட் ஓ நஷ்டம் வரிக் கணக்குல வியாபார நஷ்டம். சம்பளத்துல இருந்து அதைக் கழிக்க முடியாது. ஆனா கடைசித் தேதிக்குள்ள ஐடிஆர்-3 ஃபைல் பண்ணினா, அடுத்த 8 வருஷத்துக்கு வர்ற வியாபார லாபத்துல கழிச்சுக்கலாம். மறைச்சா அந்த உரிமை போயிடும். உங்க ஆடிட்டர் உங்க கணக்கை உங்க அப்பாகிட்ட சொல்லக் கூடாது. வாடிக்கையாளர் ரகசியம் காக்கிறது எங்க தொழில் விதி.

முதல்ல யார்கிட்ட சொல்றது?

நேரா வீட்ல போய்ச் சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். மூணு வருஷம் சொல்லாததை முதல் தடவை சொல்லும்போது அழுகை வரும், வார்த்தை வராது, தொகையைக் குறைச்சுச் சொல்லத் தோணும். அதனால முதல்ல ஒரு நண்பர்கிட்ட சொல்லுங்க. ஒரே ஒருத்தர். வாட்ஸ்அப் குரூப்ல வேண்டாம்.

யாரைத் தேர்ந்தெடுக்கிறது? உங்களை மாதிரியே சம்பளத்துல வாழ்றவர். ஏற்கெனவே நீங்க பணம் பாக்கி வெச்சிருக்காதவர். உங்க மேனேஜரா இல்லாதவர். டிரேடிங்ல தானும் மாட்டிக்கிட்டு "இன்னொரு தடவை போட்டா எடுத்துடலாம் மச்சி"னு சொல்லாதவர்.

போறதுக்கு முன்னாடி ஒரு தாள் எடுத்துக்கோங்க. அஞ்சு கட்டம் போடுங்க: யாருக்கு, பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாசம் எவ்வளவு கட்டணும், எத்தனை நாள் தாமதம். ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க்னு நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு கிரெடிட் ரிப்போர்ட் இலவசமாத் தரணும். ஒண்ணை டவுன்லோடு பண்ணி ஒப்பிட்டுப் பாருங்க.

சொல்ற வார்த்தை இவ்வளவு போதும்:

"மச்சி, எனக்கு 2,30,000 கடன் இருக்கு. மூணு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்ட காசு கேக்க வரல. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் என்கூட உக்காந்து இந்தக் கணக்கைப் பாரு."

முழுத் தொகையையும் சொல்லுங்க. 2,30,000-க்கு பதிலா "ஒரு லட்சம் இருக்கும்"னு சொன்னா, மிச்ச 1,30,000 மறுபடியும் ரகசியமாயிடும். ரெண்டாவது தடவை சொல்றது முதல் தடவையை விடக் கஷ்டம். அப்போ நண்பரோட நம்பிக்கையும் போயிருக்கும்.

நண்பர் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது

நண்பர்கிட்ட இருந்து உங்களுக்கு முதல்ல வேண்டியது பணம் இல்லை. பேங்குக்கு போன் பண்ணி "பாக்கியை இஎம்ஐ-யா மாத்திக் கொடுங்க"னு கேக்கும்போது பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்கணும். டிரேடிங் ஆப்பை அவர் முன்னாடி டிலீட் பண்ணணும். மாசாமாசம் 5-ஆம் தேதி "கட்டிட்டியா?"னு அவர்கிட்ட இருந்து ஒரு மெசேஜ் வரணும். இந்த மூணும் எந்த வட்டிக்கும் கிடைக்காது.

அவர்கிட்ட கேக்கக் கூடாததும் இருக்கு. ஜாமீன் கையெழுத்து கேக்காதீங்க. நீங்க கட்டலைன்னா அவர் கட்டணும், அவரோட கிரெடிட் ரிப்போர்ட்டும் கெடும். அவர் பேர்ல புது லோன், அவரோட கார்டு, ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

அவராகவே பணம் தர முன்வந்தா, மூணு விஷயம்:

1. பேங்க் வழியா மட்டும் வாங்குங்க. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமாக் கடன் வாங்கறதை வருமான வரிச் சட்டம் தடுக்குது. மீறினா வாங்கின தொகைக்குச் சமமான அபராதம் வரலாம். திருப்பிக் கொடுக்கிறதுக்கும் இதே மாதிரி விதி உண்டு.

2. அது கடன்னு எழுத்துல இருக்கட்டும். தொகை, தேதி, மாசம் எவ்வளவு திருப்பித் தருவீங்கன்னு ஒரு மெயில் போதும். கடன் உங்க வருமானம் ஆகாது. ஆனா உறவினர் அல்லாதவங்க கிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல 50,000-க்கு மேல அன்பளிப்பா வாங்கினா, முழுத் தொகைக்கும் வரி உண்டு.

3. அவர் திருப்பிக் கேட்டாத்தான் தரணும்னு விடாதீங்க. சம்பளத் தேதிக்கே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுடுங்க. நட்பு பெரும்பாலும் உடையுறது பணத்தால இல்லை, ஞாபகப்படுத்த வேண்டி வர்ற சங்கடத்தால.

லோன் ஆப் மிரட்டினா

"உன் கான்டாக்ட்ல இருக்கிற எல்லாருக்கும் அனுப்பிடுவேன்"ங்கிற மிரட்டலுக்குப் பயந்து ஒரு ஆப்ல வாங்கி இன்னொரு ஆப்புக்குக் கட்டுறவங்க இருக்காங்க. இந்த ஆளுங்க கையில இருக்கிற ஒரே ஆயுதம் உங்க வெட்கம்தான். உங்களுக்கு முக்கியமான நாலு பேர்கிட்ட நீங்களே முன்கூட்டிச் சொல்லிட்டா, அந்த ஆயுதம் மழுங்கிடும். "என் பேர்ல ஏதாவது போட்டோ, மெசேஜ் வந்தா நம்பாத, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பு"ன்னு சொல்லி வையுங்க.

சட்டமும் உங்க பக்கம்தான். ரிசர்வ் பேங்க் விதிப்படி கடன் ஆப் உங்க கான்டாக்ட் லிஸ்டையும் போட்டோக்களையும் தொடக் கூடாது. வசூல் ஏஜெண்ட் காலை 8 மணிக்கு முன்னாடியும் மாலை 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது. வீட்டாரையும் நண்பர்களையும் தொந்தரவு பண்ணக் கூடாது. பேங்க் அல்லது என்பிஎஃப்சி மேல புகார்னா முதல்ல அவங்ககிட்டயே எழுத்துல கொடுங்க. 30 நாள்ல சரியான பதில் இல்லைன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். உதவி எண் 14448. படத்தை மார்ஃபிங் பண்ணி மிரட்டினா அது குற்றம், உடனே 1930.

இன்னொண்ணு. கடன் கட்ட முடியலைங்கிறதுக்காக மட்டும் யாரையும் கைது பண்ண முடியாது, அது சிவில் விவகாரம். ஆனா செக் பவுன்ஸ், ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ரெண்டுக்கும் தனிச் சட்டப் பிரிவு இருக்கு. உண்மையான கோர்ட் நோட்டீஸ் வந்தா ஒதுக்கி வைக்காதீங்க, வக்கீலைப் பாருங்க.

அப்புறம் வீடு

நண்பர்கிட்ட ஒரு தடவை சொன்னவங்க வீட்ல சொல்லும்போது குரல் கொஞ்சம் நிதானமா இருக்கும். கையில தாளும் இருக்கும், திட்டமும் இருக்கும். "கடன் இருக்கு"ன்னு மட்டும் சொன்னா அம்மாவுக்குப் பயம் வரும். "இவ்வளவு இருக்கு, மாசம் இவ்வளவு கட்டினா இந்த மாசம் முடியும்"னு சொன்னா, திட்டு விழும், ஆனா பேச்சு தொடரும். தேவைப்பட்டா அந்த நண்பரையும் கூட்டிட்டுப் போங்க.

நகையை வெச்சு அடைச்சா, அன்னைக்கே ஒரு கார்டை மூடுங்க, இன்னொண்ணுக்கு லிமிட்டைக் குறைங்க. இல்லைன்னா ஆறு மாசத்துல கார்டு பாக்கியும் இருக்கும், நகையும் அடகுல இருக்கும். கடனை அடைச்சதும் நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்கிடுங்க. "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்"னு பேங்க் சொன்னா யோசிங்க. ரிப்போர்ட்ல "செட்டில்ட்"னு விழும், நாளைக்கு வீட்டுக்கடன் கேக்கும்போது அது இடிக்கும்.

கல்யாணம் பேசிட்டு இருக்கிறவங்க, நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லிடுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா, கடன் பின்னாடி போயிடும், "ஏன் மறைச்சே?"ங்கிற கேள்விதான் முன்னாடி நிக்கும்.

நீங்க அந்த நண்பரா இருந்தா

ஒருத்தர் உங்ககிட்ட இதைச் சொல்றார்னா, ரொம்ப நாள் யோசிச்சு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கார். "எவ்வளவு சம்பளம் வாங்குற, இப்படியா?"னு ஆரம்பிக்காதீங்க. அன்னைக்கே பணம் அனுப்பாதீங்க, முதல்ல தாளைப் பாருங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்க வீட்டுக்காரங்க கிட்ட கூட அவரைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. பேச்சுல "இருந்து என்ன பிரயோஜனம்" மாதிரி ஏதாவது வந்தா, கணக்கை மூடி வெச்சுட்டு அவர் கூடவே இருங்க. டெலி மானஸ் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். இதைப் படிக்கிற உங்களுக்கே அப்படித் தோணினாலும் அதே நம்பர்தான்.

வழக்கமா "உங்க அனுபவத்தை கமெண்ட்ல எழுதுங்க"ன்னு முடிப்பேன். இந்தத் தடவை வேண்டாம். ஒரு தாள் எடுத்து அந்த அஞ்சு கட்டத்தைப் போடுங்க. அப்புறம் ஒரே ஒருத்தருக்கு மெசேஜ் பண்ணுங்க: "ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"